அச்சம் அரசாண்ட காலம்: டிறைடனின் ‘அப்சலோமும் அகித்தோப்பேலும்’

அரசியற் பூசலிற் பிறந்த செய்யுள் பெரும்பாலும் குறுகிய வாழ்நாளையே உடையது. பூசல் அடங்கியதும் அதனைப் படிப்பாரும் அருகிவிடுவர். யோன் டிறைடன் 1681 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிட்ட ‘அப்சலோமும் அகித்தோப்பேலும்’ என்னும் செய்யுள் இப்பொது விதிக்குப் புறனடையாக நிற்பது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அடிகளைக் கொண்ட அச்செய்யுளின் ஈரடிகளிற் காணப்படும் செப்பத்தையும், அதில் வரும் மாந்தர் ஓவியங்களின் கூர்மையையும் கற்போர் இன்றும் வியப்பர். ஆயின், வியப்பதோடு அமைந்துவிடின், செய்யுளின் பாதிப் பொருள் புலப்படாது போம். அதன் உண்மையான பொருள் அப்சலோம் என்னும் இளவரசனும் அல்லன். அகித்தோப்பேல் என்னும் அமைச்சனும் அல்லன். ஒரு நாடு முழுவதையும் ஆட்டிப்படைத்த அச்சமே அதன் பொருள். அவ்வச்சம் கத்தோலிக்க சமயத்தைப் பற்றியது.

எனவே இச்செய்யுளை மதிப்பிடுவார் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். அச்சம் எவ்வாறு அரசியற் கருவியாயிற்று என்பதைக் கவிஞர் கண்டனரா என்பது முதலாவது. கண்டனராயின், அக்கருவியாற் புண்பட்டோர்க்கு நீதி வழங்கினரா என்பது இரண்டாவது.

அச்சத்தின் வேர்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மக்களுள் கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினரே. அவர்களுள் எளியோர் அமைதியாய்த் தம் தொழிலைப் பார்த்திருந்தனர். செல்வர் தம் நாட்டுப்புற மனைகளில் அடங்கி வாழ்ந்தனர். இத்தகைய சிறுபான்மையினரைக் கண்டு பெரும்பான்மையினர் நடுங்கியது ஏன் என்பது இயல்பாக எழும் வினா. அதற்கு விடை வரலாற்று நினைவிலே உளது.

1553 முதல் 1558 வரை ஆண்ட மேரி அரசியின் காலத்தில் ஏறத்தாழ 280 புரொத்தெசுத்தாந்தர் தீயிலிடப்பட்டனர். அவர்தம் வரலாற்றை யோன் பொக்சு என்பார் தொகுத்து 1563 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ‘மறைச்சாட்சியர் நூல்’ என மக்களால் வழங்கப்பட்ட அப்பெருநூலின் இரண்டாம் பதிப்பு 1570 இல் வந்தது. அடுத்த ஆண்டில் அதனைப் பேராலயங்களில் வைக்குமாறு திருச்சபை மன்றம் பணித்தது. எழுத்தறியாதாரும் அதிலுள்ள மரச்செதுக்குப் படங்களைப் பார்த்தனர். தீயும் தூணும் எரியும் உடலும் தலைமுறை தலைமுறையாக அவர்தம் உள்ளத்திற் பதிந்தன. மேரி மறைந்து நூறாண்டு சென்ற பின்னரும், அத்தீ நேற்றுத்தான் அணைந்தது என்னும் உணர்ச்சியை அந்நூல் காத்துவந்தது. வரலாற்றை எழுதுவோர் கடந்த காலத்தை மட்டும் எழுதுவதில்லை; எதிர்காலத்துக்குரிய பகையையும் அவர் எழுதிவிடக்கூடும் என்பதற்கு அந்நூல் சான்று.

நிகழ்ச்சிகளும் இவ்வுணர்ச்சிக்கு உரமூட்டின. 1570 இல் ஐந்தாம் பயசு என்னும் பாப்பரசர் எலிசபெத்து அரசியைத் திருச்சபையினின்று விலக்கி, அவளுக்குக் கீழ்ப்படியும் கடமையினின்று குடிகளையும் விடுவித்தார். ஆங்கிலக் கத்தோலிக்கருக்கு இதனினும் பெருந்தீங்கை அவர்தம் பகைவரும் செய்திருத்தல் இயலாது. அன்று முதல் ஒருவன் பூசைக்குச் செல்வது சமயச் செயலாக மட்டும் கருதப்படாமல் இராசத்துரோகத்தின் அறிகுறியாகவும் கருதப்பட்டது. 1572 இல் பாரிசு நகரில் நிகழ்ந்த பார்த்தலொமேயு திருநாட் படுகொலையும், 1588 இல் வந்த இசுப்பானியக் கப்பற்படையும் மக்கள் ஐயத்தை உறுதிப்படுத்தின. 1605 இல் வெளிப்பட்ட வெடிமருந்துச் சூழ்ச்சி, பாராளுமன்றத்தின் கீழ் 36 பீப்பாய் வெடிமருந்தை வைத்த உண்மைச் சூழ்ச்சி. நவம்பர் 5 ஆந் திகதியை நன்றி கூறும் நாளாகக் கொண்டாடுமாறு சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் தேவாலயங்களில் அந்நாளுக்குரிய வழிபாடு நிகழ்ந்தது. அச்சத்திற்கு ஒரு திருநாளும் வாய்த்ததென்க.

சமயமும் தனியாட்சியும்

ஈண்டு ஒன்றை மறத்தல் கூடாது. அக்கால ஆங்கிலேயர் கத்தோலிக்கத்தைக் கொள்கை வேறுபாடு காரணமாக மட்டும் அஞ்சினாரல்லர். அது கட்டுப்பாடற்ற முடியாட்சிக்கு மறுபெயர் எனவே கருதினர். பிரான்சிலே பதினான்காம் லூயி பாராளுமன்றமின்றி ஆண்டான், பெரும் நிலைப்படை வைத்திருந்தான், அவன் கத்தோலிக்கன். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி வருவன என்பதே பலர் துணிபு. கவிஞராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அன்றூ மாவெல், 1677 இல் தம் பெயரின்றி வெளியிட்ட உரைநடை நூலின் தலைப்பிலேயே கத்தோலிக்கத்தின் வளர்ச்சியையும் தன்னிச்சை ஆட்சியின் வளர்ச்சியையும் இணைத்துக் கூறினார். அவ்விணைப்பே அந்நூற்றாண்டின் அரசியலை விளக்கும் திறவுகோல்.

உயர்ந்த சிந்தையாளரும் இவ்வெல்லையைத் தாண்டவில்லை. அச்சுரிமைக்காக 1644 இல் வாதாடிய மில்ற்றன், கத்தோலிக்கத்துக்கு அவ்வுரிமை வேண்டாவென ஒதுக்கினார். சமயப் பொறை பற்றி 1689 இல் வெளியான லொக்கின் கடிதமும், அயல்நாட்டு அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டோருக்குப் பொறை காட்டலாகாது என்றது. கத்தோலிக்கரை அவர் பெயர் சுட்டி விலக்கவில்லையெனினும் குறிப்பு யாரைப் பற்றியதென்பது வெளிப்படை. உரிமையை வளர்த்தோரே இவ்வாறு கூறினராயின், சாதாரண மக்களைக் குறைகூறுதல் எளிதன்று.

அன்றியும், அச்சம் முழுவதும் பொய்யின்மேல் எழுந்ததுமன்று. 1670 இல் டோவர் நகரிற் செய்யப்பட்ட இரகசிய உடன்படிக்கையில், இரண்டாம் சாள்சு மன்னன் தான் கத்தோலிக்கனாவதாகப் பிரான்சு மன்னனுக்கு வாக்களித்துப் பணமும் பெற்றான். இஃது அவன் அமைச்சருள் சிலருக்கே தெரியும். சாவ்ற்சுபரிப் பிரபு உள்ளிட்ட ஏனையோர் அவ்வாக்கு இடம்பெறாத மற்றொரு போலி உடன்படிக்கையிற் கையொப்பமிடுமாறு செய்யப்பட்டனர். மன்னனின் தம்பியும் முடிக்குரியவனுமாகிய யேம்சு கத்தோலிக்கனாகிவிட்டான் என்பதும், அரசாங்கப் பதவியினரைச் சோதிக்கும் 1673 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவன் கடற்படைத் தலைமையைத் துறந்தபோது தெளிவாயிற்று.

ஓற்சு என்னும் சாட்சி

இந்நிலையிலேதான் 1678 இல் தைற்றசு ஓற்சு என்பவன் தோன்றினான். அவன் முன்னர் ஆங்கிலத் திருச்சபையிற் குருவாயிருந்தவன். பின்னர்க் கத்தோலிக்கனாகி, யேசு சபையினரின் கல்லூரிகளிற் சேர்ந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவன். மன்னனைக் கொன்று யேம்சை அரியணையில் ஏற்ற யேசு சபையினர் சூழ்கின்றனர் என அவன் 43 கூற்றுகள் கொண்ட ஒரு முறைப்பாட்டை வகுத்தான். சில நாட்களில் அவை 81 ஆகப் பெருகின. கோமறை மன்றத்தில் மன்னனே அவனைக் குறுக்கு விசாரணை செய்தான். தான் கண்டதாக ஓற்சு கூறிய இசுப்பானியப் பிரபு ஒருவரின் தோற்றத்தை வினாவியபோது, அவர் உயரமானவர் என்றான். அப்பிரபுவை நன்கறிந்த மன்னன், அவர் குள்ளர் என்பதை அறிவான். பொய் அப்போதே வெளிப்பட்டது. ஆயினும் பொய் வெளிப்படுதல் வேறு, பொய் தோற்றல் வேறு.

அவ்வேளையில் இரு நிகழ்ச்சிகள் ஓற்சுக்குத் துணை செய்தன. யேம்சின் மனைவியிடம் செயலாளராயிருந்த எட்வேட் கோல்மன், பிரான்சு மன்னனின் ஆன்ம குருவுக்கு எழுதிய கடிதங்கள் அகப்பட்டன. கொலைச் சூழ்ச்சி எதுவும் அவற்றில் இல்லை. ஆயின் பிரெஞ்சுப் பணத்தைக் கொண்டு ஆங்கில அரசியலைத் திருப்பும் எண்ணம் இருந்தது. இரண்டாவதாக, ஓற்சின் சத்தியக் கூற்றைப் பதிவு செய்த சமாதான நீதவான் சேர் எட்மண்டு பெரி கொட்பிறி, ஒக்டோபர் 17 ஆந் திகதி பிணமாகக் காணப்பட்டார். அவரைக் கொன்றவர் யாவர் என்பது இன்றுவரை துணியப்படவில்லை. ஆனால் இலண்டன் மக்களுக்கு அன்று ஐயமே இருந்ததில்லை.

பின்னர் நிகழ்ந்தவை நீதியின் பெயரால் நிகழ்ந்தவை. யேசு சபையினரும் பிற குருமாரும் பொதுநிலையினருமாகப் பதினைவருக்குக் குறையாதோர் கொலைத்தண்டம் பெற்றனர். முதியவராகிய இசுற்றாபோட்டுப் பிரபு 1680 டிசம்பரிலே தலை வெட்டப்பட்டார். அயர்லாந்துப் பேராயர் ஒலிவர் பிளங்கெற் 1681 யூலை மாதத்தில் இலண்டனிலே தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1975 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓற்சை நம்பாத மன்னன் இவ்வாணைகள் நிறைவேறுவதைத் தடுத்தானில்லை. தடுத்திருப்பின் தானே சூழ்ச்சியில் உள்ளவன் எனக் குடிகள் கருதுவர் என்று அவன் அஞ்சினான். அச்சத்தைப் பரப்புவோன் மட்டுமன்றி, அதனைப் பொய்யென அறிந்தோனும் அதற்கு அடிமையாவான் என்பதை இதனால் அறியலாம்.

அரசியற் பயனைக் கொண்டவர் சாவ்ற்சுபரிப் பிரபு. யேம்சை முடியுரிமையினின்று விலக்கும் மசோதா 1679 முதல் 1681 வரை கூடிய மூன்று பாராளுமன்றங்களையும் ஆட்கொண்டது. 1680 நவம்பரிலே பிரபுக்கள் சபை அதனைத் தள்ளியது. விக்கு, தோரி என்னும் கட்சிப் பெயர்கள் இப்பூசலிலேதான் நிலைபெற்றன. எலிசபெத்து அரியணை ஏறிய நாளாகிய நவம்பர் 17 ஆந் திகதிகளில் பாப்பரசரின் பாவையை வீதிவழியே ஊர்வலமாகக் கொண்டுசென்று இலண்டன் மக்கள் எரித்தனர். இப்பூசலின் இறுதிக் கட்டத்திலே, இராசத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சாவ்ற்சுபரி சிறையிலிருந்தபோதுதான், டிறைடனின் செய்யுள் வெளிவந்தது.

செய்யுளின் சிறப்பு

விவிலியத்திலே தாவீது மன்னனுக்கு எதிராக அவன் மகன் அப்சலோம் கிளர்ந்தெழுந்த வரலாறு, அக்கால ஆங்கிலேயர் யாவரும் அறிந்தது. டிறைடன் அதனை எடுத்து, தாவீதைச் சாள்சாகவும், அப்சலோமை மன்னனின் முறைபிறவா மகனாகிய மொன்மத்துக் கோமகனாகவும், தீய ஆலோசகன் அகித்தோப்பேலைச் சாவ்ற்சுபரியாகவும் அமைத்தார். இதில் ஒரு நுட்பம் உளது. விவிலியம் புரொத்தெசுத்தாந்த மக்களின் படைக்கலம். பாப்பரசரை அந்திக்கிறித்து என நிலைநாட்ட அவர் அதனையே எடுத்தாண்டனர். அப்படைக்கலத்தையே அவர் கையினின்று பறித்து, அவர்க்கு எதிராக டிறைடன் திருப்பினார்.

கத்தோலிக்கர் இச்செய்யுளில் எபூசியர் என்னும் பெயரால் வருகின்றனர். எபூசியர் எருசலேமின் பழங்குடிகள். நகரும் ஒருகாலத்தில் அவர்களுடையது. நாளடைவில் அவர்கள் உரிமையிழந்து, வரிச்சுமை தாங்கி, நிலமிழந்தவராயினர் எனக் கவிஞர் கூறுகின்றார். அயல்நாட்டு ஒற்றர் எனத் தூற்றப்பட்டவரை நாட்டின் பழைய உரிமையாளர் எனக் காட்டியது அக்காலத்தில் எளிய செயலன்று. எனினும் அதே பகுதியில் அவர்தம் நற்கருணைக் கொள்கையை ஏளனமாகத் தொட்டுச் செல்லவும் அவர் தவறவில்லை. கேட்போரின் வெறுப்புக்குச் சிறிது இரையிட்டே அவர்க்கு உண்மையை ஊட்டுகின்றார்.

சூழ்ச்சியைப் பற்றிய அவர் தீர்ப்பு சமன்செய்து சீர்தூக்கியது. அதில் உண்மை சிறிதும் இல்லை என்று அவர் கூறவில்லை. சிறிதளவு உண்மையோடு பெருமளவு பொய் கலந்தது என்றும், மக்கள் அதனை மெல்லாமலே விழுங்கினர் என்றும், முற்றும் நம்பினோரும் முற்றும் மறுத்தோரும் ஒருங்கே அறிவிழந்தனர் என்றும் பொருள்படப் பாடுகின்றார். பொய்யின் வலிமை அதனுள் இருக்கும் உண்மைத் துணுக்கிலே தங்கியுளது என்பதை இத்துணைத் தெளிவாகக் கண்ட அரசியற் கவிஞர் அரியர்.

ஓற்சைக் கோராகு என்னும் பெயரால் வரையும் ஓவியம் இதனினும் ஆழமானது. சாட்சியின் நினைவாற்றலை மானிட நிலைக்கு மேம்பட்டதெனப் புகழ்வதுபோலப் பழிக்கின்றார் கவிஞர். அவ்வோவியத்தின் உச்சம், சாட்சியை ஐயுறுவோனுக்கு நேரும் கதியைக் கூறும் இடம். தாமே அச்சாட்சியின் இடத்தில் இருப்பின், தம்மை இழிவுசெய்தவனைப் பற்றிய மறந்துபோன செய்தி உடனே நினைவுக்கு வர, அவனையும் சூழ்ச்சிக்குப் பிற்சேர்க்கையாக இணைத்துவிடுவதாகக் கவிஞர் நகைக்கின்றார். நகைச்சுவையாய் அமைந்த இவ்வோரிடத்தில் 1678 ஆம் ஆண்டின் இயக்கம் முழுவதும் அடங்கிவிடுகின்றது. ஐயமே குற்றமாகும் இடத்தில் உண்மைக்கு வாய் இல்லை. குற்றச்சாட்டு, தன்னை மறுப்பவனையே தனக்குச் சான்றாக்கிக் கொள்கின்றது.

செய்யுளின் குறை

இவ்வளவு கண்ட கவிஞர் இரண்டிடங்களிற் காணாது நின்றார். முதலாவது, மன்னனே எபூசியன் என அகித்தோப்பேல் வாதிடுவதைக் கூறி, அவ்வாதங்களை வலுவற்றவை என அவர் தள்ளிவிடுகின்றார். டோவர் இரகசியத்தை அவர் அறிந்திருக்கக் காரணமில்லை. ஆயின் வரலாறு வேறொன்று கூறுகின்றது. 1685 பெப்ரவரியிலே சாள்சு தன் மரணப்படுக்கையிற் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்தான். கோராகு ஒரு சாட்சியத்திலும் உண்மையைத் தொடவில்லை. உண்மையோ மன்னனின் பேழையில் உறங்கிற்று. செய்யுள் முழுவதும் தாவீதின் நேர்மையை அடித்தளமாகக் கொண்டது. அவ்வடித்தளத்திலேயே விரிசல் இருந்தது. ஆதலின் அச்சத்தைப் பரப்பியோர் மீது மட்டும் பழி முழுவதையும் சுமத்துதல் நேரிதன்று. ஆள்வோர் மறைக்குந்தோறும் ஆளப்படுவோர் அஞ்சுவர். மறைவு என்னும் நிலத்திலேதான் ஓற்சு போன்றார் விதைக்கின்றனர்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. செய்யுளின் இறுதியில் தாவீது அரியணையிலிருந்து பேசும் உரையில், பகைவரின் பொய்ச்சாட்சிகள் இனி அவருக்கு எதிராகவே சத்தியம் செய்வர் என்னும் கருத்து வருகின்றது. அது வெறுங் கற்பனையன்று. செய்யுள் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், இசுற்றீபன் கொலிச் என்னும் விக்குக் கட்சித் தச்சனை இலண்டன் யூரிமார் குற்றஞ்சாட்ட மறுத்தனர். பின்னர் அவனை ஒக்சுபோட்டுக்குக் கொண்டுசென்று விசாரித்து, 1681 ஓகத்திலே தூக்கிலிட்டனர். அவனுக்கு எதிராகச் சான்று கூறியோருள், முன்னர் இசுற்றாபோட்டுப் பிரபுவுக்கு எதிராகச் சான்று கூறியோரும் இருந்தனர். நேற்றுக் கத்தோலிக்கரைக் கொன்ற வாய் இன்று புரொத்தெசுத்தாந்தரைக் கொன்றது. கவிஞர் இதனைத் தெய்வ நீதியென மகிழ்கின்றார். பொய்ச்சாட்சியம் என்னும் வாளைக் குளத்தில் எறிய வேண்டும் என்று அவர் கூறவில்லை. அது கைமாறியதற்கே களிக்கின்றார். தூக்குமரத்தின் கீழ் நின்று தாம் குற்றமற்றவர் என உரைத்து இறந்த குருமாரின் குரல், ஆயிரம் அடிகளுக்கு மேற்பட்ட இச்செய்யுளில் ஓரிடத்தேனும் தெளிவாக ஒலிக்கவில்லை. கொலையுண்டோரின் முகம் தெரியாத அங்கதம், அறிவுக்கு விருந்தாகலாம், நீதிக்கு நிறைவாகாது.

கவிஞரின் பிற்கால வாழ்வு இக்குறைக்கு ஒரு பதிலைத் தந்தது எனலாம். யேம்சின் ஆட்சியில் டிறைடன் தாமே கத்தோலிக்கராகி, 1687 இல் ‘மானும் சிறுத்தையும்’ என்னும் செய்யுளை வெளியிட்டார். புதிய மன்னனிடம் பயன் நாடியே மதம் மாறினார் எனப் பலர் பழித்தனர். ஆயின் 1688 இல் யேம்சு நாட்டைவிட்டு ஓடியபின், டிறைடன் தம் சமயத்தை மாற்றவில்லை. புதிய அரசுக்குச் சத்தியம் செய்ய மறுத்து அரசவைக் கவிஞர் பதவியை இழந்தார். ஒருகால் எபூசியரை நகைத்தவர், எபூசியராகவே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

விளைவுகள்

அச்சத்தின் பயன் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. காரணமின்றிச் சிறையிடுவதைத் தடுக்கும் 1679 ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம், யேம்சை விலக்க முயன்ற பாராளுமன்றத்திலேயே நிறைவேறியது. 1688 இல் யேம்சுக்கு ஆண்மகவு பிறந்தபோது, அது படுக்கையைச் சூடாக்கும் கலத்தில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட பிறர் குழந்தை என்னும் வதந்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பர் 5 ஆந் திகதி, வெடிமருந்துச் சூழ்ச்சியின் நினைவுநாளிலே, ஒல்லாந்து நாட்டு வில்லியம் படையோடு வந்திறங்கினான். 1689 இல் உரிமைச் சட்டம் பிறந்தது. மன்னன் சட்டத்துக்கு மேற்பட்டவனல்லன் என நிலைநாட்டிய அச்சட்டமே, கத்தோலிக்கர் அரியணை ஏறலாகாது என்றும் விதித்தது. ஒரே ஏட்டில் உரிமையும் விலக்கும் அருகருகே எழுதப்பட்டன.

அதனினும் நகைப்புக்குரியது ஓற்சின் முடிவு. யேம்சின் ஆட்சியில், 1685 இல், பொய்ச்சத்தியக் குற்றத்துக்காகக் கசையடி பட்டுச் சிறையிருந்த அவன், வில்லியம் வந்தபின் விடுதலையும் உதவிப் பணமும் பெற்றான்.

கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர்வதை 1678 இல் தடுத்த சட்டம், 1829 வரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நின்றது. 1666 ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயைக் கத்தோலிக்கர் மூட்டினர் எனப் பழித்து, 1681 இல் நினைவுத்தூணிற் பொறிக்கப்பட்ட வாசகம் 1830 இலேதான் இறுதியாக அகற்றப்பட்டது. இலங்கையிலோ, ஒல்லாந்தர் விதித்த தடைகளை நீக்கிக் கத்தோலிக்கருக்குச் சமவுரிமை வழங்கும் சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சியினர் 1806 இலேயே இயற்றினர். அஃதாவது, தம் குடியேற்ற நாட்டில் வழங்கிய உரிமையைத் தம் தாய்நாட்டில் வழங்க அவ்வாட்சியினருக்கு மேலும் 23 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அயலிடத்தில் ஆராய்ந்து தீர்க்கத்தக்க சிறு வினாவாகத் தோன்றியது, தன் மனைக்குள் நூற்றாண்டு பழகிய பேயாக நின்றது போலும்.

டிறைடனின் செய்யுள் இப்பேயின் முகத்தைக் காட்டிய கண்ணாடி. கண்ணாடியை ஏந்திய கை கட்சிச் சார்புடையது. அதனால் ஒருபக்கம் இருண்டே தெரிகின்றது. ஆயினும் உண்மைத் துணுக்கைப் பற்றிக்கொண்டு பொய் வளரும் முறையையும், ஐயுறுவோனையே குற்றவாளியாக்கி அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறையையும் அச்செய்யுளிற் போலத் தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே. அவர் கூறியதை அதிலே கற்கலாம். அவர் கூறாது விட்டதை அக்குருமாரின் மரணத்திலே கற்றல் வேண்டும். இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிப்போர்க்கே அச்செய்யுள் முழுமையாகப் பொருள் தரும்.